217 கிராம் காஸ்டிக் சோடா, 799 ரூபா சோப்பு கிளாஸ்

வீட்ல சோப்பு போடக் கத்துக்கலாம்னு வாட்ஸ்அப்ல ஒரு கிளாஸ்ல 799 ரூபா கட்டி சேந்தேங்க. யார்னு பேரெல்லாம் சொல்லப் போறதில்ல, ஆனா அந்த கிளாஸ்ல குடுத்த ரெசிபி பிடிஎஃப் மாதிரி ஒண்ணு உங்க கைல இருந்தா சோப்பு போடறதுக்கு முன்னாடி இத ஒரு தடவை படிச்சிருங்க.

முதல் ரெசிபி இதான். தேங்காய் எண்ணெய் 600 கிராம், நல்லெண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100, காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) 217, தண்ணி 380. சூப்பர்ஃபேட் (சோப்பாகாம மிச்சம் நிக்கட்டும்னு விடற எண்ணெய்) 5 பர்சன்ட்னு கீழ அழகா போட்டிருந்துச்சு. எங்க பொள்ளாச்சி தோப்பு தேங்காய், செக்குல ஆட்டி வெச்சிருந்த எண்ணெய், அத ஊத்தி கிராம் பிசகாம செஞ்சேன். ட்ரேஸ், அதாவது கலவை கெட்டியாகற பதம், சடார்னு வந்துச்சு, மறுநாள் வெட்டினா சோப்பு சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொடிப்பொடியா உதிருது. கிளாஸ் எடுத்த மேடத்துக்கு போட்டோ அனுப்பினா "க்யூரிங்ல சரியாயிடும்மா, 4 வாரம் பொறுங்க"ன்னாங்க (க்யூரிங்னா வெட்டுன சோப்ப காய விடறது). சரின்னு பொறுத்தேன், அதான் நான் செஞ்ச தப்பு.

4 வாரம் கழிச்சு எங்க அத்தை ஆசையா ஒண்ண எடுத்து கை கழுவுனாங்க. "என்ன கண்ணு, கையெல்லாம் திகுதிகுன்னு எரியுது"ன்னு கூப்பிட்டப்ப ஓடிப் போய் பைப்புக்கு அடில கைய வெச்சு ரொம்ப நேரம் தண்ணி விட்டேன் (வினிகர் ஊத்துன்னு யாரோ சொன்னாங்க, தோல்ல அதெல்லாம் ஊத்தாதீங்க, தண்ணிதான்). தோல் சிவந்து ரெண்டு நாள் இருந்துச்சு. மூஞ்சிக்குப் போட்டிருந்தா, கண்ணுல பட்டிருந்தா... நெனைக்கவே பயமா இருக்கு.

எங்க நாத்தனார் பொண்ணு பிஎஸ்சி கெமிஸ்ட்ரி படிக்கிறா. சோப்பு மேல பினாப்தலீன் (காரம் அதிகமா இருந்தா செவக்கற மருந்து) ஒரு சொட்டு விட்டா, பீட்ரூட் மாதிரி செவந்துருச்சு. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து கணக்கு போட்டோம். ஒவ்வொரு எண்ணெய்க்கும் சாப் வேல்யூன்னு ஒண்ணு இருக்குல்ல, ஒரு கிராம் எண்ணெய் சோப்பாக எத்தனை கிராம் காஸ்டிக் வேணும்ங்கறது, தேங்காய் எண்ணெய்க்கு 0.183, நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டுனா 109.8, 40.2, 12.8, ஆக மொத்தம் 162.8 கிராம், அதுல 5 பர்சன்ட் கழிச்சா கிட்டத்தட்ட 155. அப்ப 217 எங்கருந்து வந்துச்சு? 155ஐ 1.403ஆல பெருக்கிப் பாருங்க. அது லிக்விட் சோப்புக்குப் போடற பொட்டாசியம் ஹைட்ராக்சைடோட கணக்கு, அதே எண்ணெய்க்கு அது எடைல 1.403 மடங்கு வேணும்! ஆன்லைன் கால்குலேட்டர்ல சோடியமா பொட்டாசியமான்னு ஒரு பட்டன் இருக்கும், மேடம் அத மாத்தி அமுக்கிட்டு வந்த நம்பர அப்படியே பிடிஎஃப்ல ஏத்திட்டாங்க. தண்ணி 380ம் அதே கதைதான், எண்ணெய்ல 38 பர்சன்ட்னு கால்குலேட்டர் தானா வெச்சிருக்கற அளவு. எண்ணெய் பூரா சோப்பாக வேண்டிய 162.8 போக, ஒரு கிலோ எண்ணெய்க்கு 54 கிராம் காஸ்டிக் அதிகம், சேர்றதுக்கு எண்ணெயே மிச்சம் இல்லாதப்ப க்யூரிங்ல எப்படிங்க சரியாகும், 4 வாரம் இல்ல 4 மாசம் வெச்சாலும் தண்ணிதான் காயும்.

தண்ணில அவ்ளோ ஆபத்து இல்ல. லை (காஸ்டிக்) எடைக்கு ரெண்டு பங்கு வெச்சா இந்த ரெசிபிக்கு 310 போதும், கொஞ்சம் கூடுனா செட் ஆக நாளாகும், காயும்போது சுருங்கும், அவ்ளோதான். ஆனா லை எடைக்கும் கம்மியா எழுதியிருந்தா அந்த ரெசிபிய மூடி வெச்சிருங்க, முழுசா கரையாது, கரையாத குருணை சோப்புக்குள்ள போய் உக்காந்துக்கும்.

அதே பிடிஎஃப்ல மூணாவது ரெசிபி இன்னும் மோசம், தேங்காய் எண்ணெய் "1 லிட்டர்"னு போட்டிருக்கு, காஸ்டிக் மட்டும் 1000 கிராமுக்குக் கணக்கு, 174. ஒரு லிட்டர் எண்ணெய் 920 கிராம்தாங்க வரும்! 920க்கு 168 போட்டாலே எண்ணெய் பூரா தீந்துரும், சூப்பர்ஃபேட் போயி கிட்டத்தட்ட 6 கிராம் லை மிச்சம் நிக்குது.

கணக்க எழுதி குரூப்ல போட்டேன். "உங்க தராசு தப்பு"ன்னாங்க. தராசு சரியாத்தான் காட்டுதுன்னு ஒரு ரூபா காயின் வெச்செல்லாம் வீடியோ எடுத்து அனுப்பினேன், அஞ்சு நிமிஷத்துல குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க, பணமும் வரல. அந்த குரூப்ல 60 பேருக்கு மேல இருந்தாங்க, கைக்குழந்தைக்கு சோப்பு போடறேன்னு சொன்ன ஒரு பொண்ணும் இருந்துச்சு, அது நம்பர் என்கிட்ட இல்ல, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

சோப்ப தூக்கிப் போட மனசு வரல. க்ளவுஸ், கண்ணாடி போட்டுட்டு எல்லாத்தையும் துருவி, எவர்சில்வர் குண்டால (அலுமினியம் ஆகாது, லை அத தின்னுரும்) இன்னும் 360 கிராம் தேங்காய் எண்ணெய் ஊத்தி சின்னத் தீயில ஒண்ணா சேர்ற வரைக்கும் கிண்டுனேன். மறுபடி சொட்டு விட்டுப் பாத்தப்ப செவக்கல. ஆனாலும் அத்தை அதத் தொட மாட்டேங்கறாங்க, பாத்திரம் தேய்க்கத்தான் ஓடிட்டிருக்கு.