பஞ்சுருட்டான் பார்க்க 8×42 பைனாகுலர்: ஒரு வருடத்துக்குப் பிறகு

பைனாகுலர் எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள், நிறத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். இது எனக்குப் புரிந்ததே பறந்து பூச்சி பிடிக்கும் பஞ்சுருட்டான் பறவைகளால்தான்.

முன்பு என்னிடம் மலிவான 10×50 இருந்தது, அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் அகலம். குளிர்காலத்தில் பள்ளிக்கரணை மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் உட்கார்ந்திருக்கும், பின்னால் வெளுத்த வானம், பறவையைச் சுற்றி ஊதாக் கோடு ஓடும், வால் நீலமா கறுப்பா என்றே தெரியாது. இப்போது வைத்திருக்கும், நிறங்கள் ஓரத்தில் பிரிவதைக் குறைக்கும் ஈடி (ED) கண்ணாடி போட்ட 8×42இல் அந்தக் கோடு ஏறக்குறைய இல்லை. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் அவ்வளவு அகலம், அதனால் விடிகாலையிலும் நிறம் தெரிகிறது.

உண்மையான சோதனை போன செப்டம்பரில், குஜராத்தின் சிறிய ரண் பகுதியில். சீமைக்கருவேல மரத்தின் உச்சியில் நீலக்கன்னப் பஞ்சுருட்டான். நீலவாலுக்கு இது அவ்வளவு நெருங்கிய சொந்தம், ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனமாகக்கூட வைத்திருந்தார்கள். பெயரை நம்பிக் கன்னத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் நீலவாலுக்கும் கண் வழியே ஓடும் கறுப்புப் பட்டைக்குக் கீழே நீலம் உண்டு. நீலக்கன்னத்துக்கு அந்தக் கறுப்புப் பட்டைக்கு மேலேயும் வெளிர்நீலம் ஓடும், நெற்றியில் வெள்ளை இருக்கும். தொண்டைச் சிவப்பு சின்னத் திட்டுதான், நீலவாலுக்கு அது மார்பு வரை பரவும். ஆனால் நான் முதலில் பார்ப்பது பிட்டத்தை. அங்கிருந்து வால் வரை நீலமாக இருந்தால் நீலவால், முதுகோடு சேர்ந்து பச்சையாகவே போனால் நீலக்கன்னம். அன்று அது தும்பியைப் பிடித்து வந்து கிளையில் அடித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தது, வால் முழுக்கப் பச்சை, எனக்குக் கை நடுங்கிவிட்டது!

குறையும் உண்டு. ஃபோகஸ் சக்கரம் இறுக்கம், பறவை நம்மை நோக்கிப் பாய்ந்து வரும்போது விரல் பின்தங்கிவிடுகிறது. பஞ்சுருட்டான் பெரும்பாலும் புறப்பட்ட கிளைக்கே திரும்பும் என்பதால் சமாளிக்கலாம், பறந்துகொண்டே இருக்கும் தகைவிலானுக்கெல்லாம் இது உதவாது. கூட வந்த வார் கழுத்தை அறுத்தது, வேறு மாற்றிவிட்டேன்.

அப்புறம், வாங்கும்போது கடை விளக்கில் பார்த்துத் திருப்திப்படாமல் வாசலுக்கு எடுத்து வந்து, வானத்தை ஒட்டி ஓடும் கம்பி ஒன்றைப் பாருங்கள். ஓரத்தில் ஊதா தெரிந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.