நாட்யாவா, தி அடிக்‌ஷனா?
நியூயார்க் இரவுகள், கறுப்பு வெள்ளை, சிறிய பட்ஜெட். மைக்கேல் அல்மெரெய்டாவின் 'நாட்யா' (1994), ஏபல் ஃபெராராவின் 'தி அடிக்‌ஷன்' (1995) என்ற இரண்டு ரத்தக்காட்டேரிப் படங்களுக்கும் இவை பொது. இரவு நகரத்தின் மயக்கம் வேண்டுமென்றால் என் ஓட்டு நாட்யாவுக்கே. ரத்தக்காட்டேரி நாட்யாவின் பார்வையைக் காட்ட, ஒலிநாடா கேசட்டில் படம் பதியும் பொம்மைக் கேமராவை அல்மெரெய்டா பயன்படுத்தினார். முகங்கள் கட்டம் கட்டமாகக் கலைந்து நடுங்கும். எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த அழகு வராது. இயக்குநர் டேவிட் லிஞ்ச் வேறு பிணவறை ஊழியராகத் தலைகாட்டுகிறார்.

ஃபெராராவின் படத்தில் லிலி டெய்லர் தத்துவ ஆய்வு மாணவி. வசனம் சில இடங்களில் பாடம் நடத்துகிறது, சரி. ஆனால் ரத்தவெறி போதைப் பழக்கம்போல வளரும் விதமும், அந்தப் பட்டமளிப்பு விருந்தும் நிஜமாகவே பயமுறுத்துகின்றன.