மாமாவின் மல்டிமீட்டரா, மச்சானின் டாங் டெஸ்டரா?

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீடுதான் லைனின் கடைசி. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் வோல்டேஜ் 190-க்கு இறங்கிவிடும். "ராடு போட்டு அரை மணி ஆச்சு, தண்ணி இன்னும் காயலை" என்று அம்மா சொல்ல, ராடு போச்சு, புதுசு வாங்குங்க என்றார் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த மச்சான். வயர்மேன் வேலை பார்த்த மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு மீட்டரோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமாவின் வழி ஓம் அளப்பது, அதாவது கம்பி கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது. பிளக்கைப் பிடுங்கி, ராடின் இரண்டு பின்னிலும் மல்டிமீட்டர் முனையை வைத்தார். 53 ஓம். ராடில் அச்சடித்திருப்பது 230 வோல்ட், 1000 வாட். 230-ஐ 230-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் இருக்க வேண்டிய ஓம் கிடைக்கும்: 52.9. "காயில் முழுசா இருக்கு மாப்ளே, குறைச்சல் கரண்டுலதான்." 190-ஐ 190-ஆல் பெருக்கி 53-ஆல் வகுத்தார்: 681 வாட். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது, சூடு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வோல்டேஜ் இரண்டு தடவை பெருக்கலில் வருவதன் வினை இது.

மச்சானின் ஆயுதம் டாங் டெஸ்டர், ஒயரை வெட்டாமல் வெளியிலிருந்தே கவ்வி கரண்டை அளக்கும் மீட்டர். எக்ஸ்டென்ஷன் ஒயரை அப்படியே வாய்க்குள் கவ்வவிட்டார், பூஜ்யம் காட்டியது. மாமா சிரித்தார். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒற்றை ஒயரை மட்டும்தான் கவ்வ வேண்டும். லைன் ஒயரைத் தனியே பிரித்து வைத்ததும் 3.6 ஆம்பியர். 190 பெருக்கல் 3.6, 684 வாட். 190-ஐ 3.6-ஆல் வகுத்தால் 52.8 ஓம். இருவர் கணக்கும் ஒன்றுதான். ராடு பிழைத்தது.

வெந்நீர்க் கணக்கையும் போட்டுவிடலாம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50-க்குக் கொண்டுபோக 1000 வாட்டில் 26 நிமிஷம், 681 வாட்டில் 38 நிமிஷம். வெளியே போகும் சூட்டை விட்டுவிட்டால் இரண்டுக்கும் ஏறும் யூனிட் ஒன்றுதான், 0.44-க்குக் கொஞ்சம் குறைவு. லோ வோல்டேஜில் பில் குறையும் என்று நம்புகிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர்.

ராடுக்குள் இருப்பது மாதிரி, சூடேறினாலும் ஓம் அதிகம் மாறாத நிக்ரோம் கம்பிக்கு மாமா வழியே எனக்குப் பிடிக்கும். பிளக் பிடுங்கிய பொருளை அளப்பதால் ஷாக் பயம் இல்லை, வோல்டேஜ் ஆடினாலும் கவலை இல்லை. ஆனால் பழைய 100 வாட் குண்டு பல்பில் அதே வித்தையைக் காட்டினால் மானம் போகும். அணைந்திருக்கும் பல்பு 40 ஓம் பக்கம் காட்டும். கணக்குப் போட்டால் 1300 வாட்டுக்கு மேல்! எரியும்போது டங்ஸ்டன் இழை பழுத்து 529 ஓம் ஆகிவிடுகிறது. வோல்டேஜ் ஏறுகிற அளவுக்குக் கரண்டும் ஏறும் என்று 1827-இல் ஜார்ஜ் ஓம் புத்தகமாகப் போட்ட விதி, கம்பியின் சூடு மாறாதவரைதான் செல்லும்.

சரி, ராடு சண்டை அதோடு முடிந்திருக்கலாம். மச்சான் கண் போர் மோட்டார் மேல் விழுந்தது. 1 எச்.பி., சிங்கிள் பேஸ், வீட்டு மீட்டரிலேயே ஓடுவது. வைண்டிங்கில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பியில், மாமா அளந்தது 4 ஓம். பகலில் 215 வோல்ட் இருந்தபோது கணக்குப் போட்டால் 11,500 வாட்டைத் தாண்டியது. மாமாவே முனையைக் கீழே வைத்துவிட்டார். ஓடும் மோட்டார் கரண்டை மட்டுப்படுத்துவது அந்த 4 ஓம் இல்லை. காந்தப் புலமும் சுழற்சியும் எதிர்த்துத் தள்ளுகின்றன. மச்சான் ஒயரைக் கவ்வினார், 6.8 ஆம்பியர். 215 பெருக்கல் 6.8 என்றால் 1462. ஜெயித்துவிட்டதாக நினைத்தார்.

அப்போது நான் மூன்றாவது வழியைக் காட்டினேன். அதற்குக் கருவியே வேண்டாம். எங்கள் வீட்டுக் கரண்டு பில் மீட்டரில் யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று எழுதியிருக்கிறது, ஒரு யூனிட் ஓடினால் அதன் சிவப்பு விளக்கு 3200 தடவை மின்னும். சில மீட்டரில் 1600 அல்லது 6400 இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சிவப்பு விளக்கு பத்துத் தடவை மின்னும் நேரத்தைப் போனில் பிடித்தேன்: 9.6 வினாடி. பத்து மின்னலை ஒரு மணியின் 3600 வினாடியால் பெருக்கினால் 36,000, அதை 3200-ஆலும் 9.6-ஆலும் வகுத்தால் 1.17 கிலோவாட். மச்சான் சொன்னதைவிட 290 வாட் குறைவு. வோல்டேஜும் கரண்டும் மோட்டாரில் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை, கரண்டு பின்தங்கி வரும். அதனால் 1462-இல் 80 சதவீதம்தான் உண்மையான வேலை. டாங் டெஸ்டருக்கு அது தெரியாது, பில் போடும் மீட்டருக்குத் தெரியும். அதே சாயங்காலம் ராடுக்கும் எண்ணிப் பார்த்தேன்: 16.5 வினாடி, 682 வாட்.

வாட் தெரிய வேண்டுமென்றால் என் ஓட்டு எண்ணுகிற வழிக்கே. ஒரே குறை, 9 வாட் எல்.ஈ.டி. பல்புக்குப் பத்து மின்னல் எண்ண இருபது நிமிஷம் ஆகும். அதற்கு டாங் டெஸ்டரும் சுமார்தான். ஒற்றை ஒயரை வாய்க்குள் பத்துச் சுற்றுச் சுற்றிக் காட்டுவதைப் பத்தால் வகுத்தால் கரண்டு ஓரளவு பிடிபடும், வாட் அல்ல.

மாமாவின் 4 ஓம் வீணாகவில்லை. கரண்டைக் கரண்டால் பெருக்கி அந்த 4-ஆல் பெருக்கினால் வைண்டிங்கில் சூடாகப் போவது கிடைக்கும்: 6.8 ஆம்பியரில் 185 வாட். சாயங்காலம் 190 வோல்டில் அதே மோட்டார் 7.8 ஆம்பியர் இழுத்தது, சூடு 243 வாட். வோல்டேஜ் குறைந்தால் ராடு சோம்பிப் போகும். மோட்டார் கூடுதலாக இழுத்துத் தன்னையே சுட்டுக்கொள்ளும். இப்போது ஸ்டார்ட்டர் பெட்டியில் முள் 200-க்குக் கீழே இருந்தால் அம்மா மோட்டார் போடுவதில்லை. தொட்டியைக் காலையிலேயே நிரப்பிவிடுகிறாள்.