நான்கு சமன்பாடா, ஒரு கோடா?

"வி ஸ்குவேர் ஈக்குவல் டு யு ஸ்குவேர் பிளஸ் டூ ஏஎஸ்." நான்காம் படிவம் படிக்கும் என் தங்கை மகள், கோலாலம்பூர் செந்தூல் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதை மந்திரம் போல ஓதிக்கொண்டிருந்தாள். வி இறுதி வேகம், யு தொடக்க வேகம், எஸ் இடப்பெயர்ச்சி, ஏ முடுக்கம், அதாவது வினாடிக்கு வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது. இயக்கக் கணக்குக்கான நான்கு சமன்பாடும் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒரு கணக்கைக் கொடுத்தால் எதை எடுப்பது என்று தெரியாமல் பேனாவைக் கடிக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. என் டியூஷன் வாத்தியாரும் "தெரிஞ்சதை எழுது, தெரியாததை எழுது, ஃபார்முலாவைத் தேடு" என்பதோடு முடித்துக்கொண்டவர்தான்.

மாறாத முடுக்கத்தில் நகரும் பொருளைப் பற்றிய கணக்குக்கு இன்னொரு வழியும் உண்டு: திசைவேகத்துக்கும் நேரத்துக்கும் வரைபடம் போடுவது. கோட்டின் சாய்வு முடுக்கம், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு இடப்பெயர்ச்சி. தமிழ்ப்பள்ளியை விட்டு வந்த பிறகு அவளுக்கு முடுக்கம் மலாயில் 'பெச்சுத்தான்' ஆகிவிட்டது. மாட்டை முடுக்குகிறோமே, அதே சொல்தான் என்றதும் கொஞ்சம் சிரித்தாள்.

சரி, இரண்டு வழியையும் மோதவிட்டுப் பார்ப்போம்.

முதலில் பிரேக் கணக்கு. மணிக்கு 72 கிலோமீட்டரில் வரும் கார், அதாவது வினாடிக்கு 20 மீட்டர். ஒவ்வொரு வினாடியும் வேகம் 5 மீட்டர் குறைகிறது. எவ்வளவு தூரத்தில் நிற்கும்? இதில் நேரத்தைக் கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அவள் ஓதிய மந்திரத்துக்கென்றே செய்த கணக்கு: 400-ஐ 10-ஆல் வகுத்தால் 40 மீட்டர், ஒரே வரி. படம் போட்டால் முதலில் 4 வினாடி என்று கண்டுபிடித்து, அப்புறம் முக்கோணத்தின் பரப்பு. தவறில்லை, சுற்றுவழி. இங்கே சமன்பாடுதான் கெட்டி. ஒன்று மட்டும்: 72-ஐ அப்படியே போட்டால் 518 மீட்டர் என்று வரும். அதைப் பார்த்தும் சந்தேகப்படாமல் கீழே கோடு போடுகிற பிள்ளைகள் நிறைய.

அடுத்தது ரயில். கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி என்ற நகர ரயிலில் ஓட்டுநர் கிடையாது. முன் கண்ணாடி ஓரமாக நின்றால் ரயில் வேகம் எடுப்பது, சீராக ஓடுவது, தணிவது மூன்றும் உடம்பிலேயே தெரியும். எண்கள் நான் வைத்தவை: நின்ற இடத்திலிருந்து 15 வினாடியில் வினாடிக்கு 15 மீட்டர், அதே வேகத்தில் 30 வினாடி, பிறகு 10 வினாடியில் நிறுத்தம். சமன்பாட்டு வழியில் போனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பட்டியல். 112.5, 450, 75 என்று மூன்று விடை கண்டுபிடித்துக் கூட்ட வேண்டும். அவள் முதல் கட்டத்தின் இறுதி வேகத்தை இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுபோக மறந்து நடுவழியில் நின்றாள். படத்தில் இது வெறும் சரிவகம்: மொத்த நேரம் 55-ஐயும் சீராக ஓடிய 30-ஐயும் கூட்டிப் பாதியாக்கி, வேகம் 15-ஆல் பெருக்கினால் 637.5 மீட்டர். மறப்பதற்கு எதுவும் இல்லை, கண்ணெதிரே இருக்கிறது.

மேலே எறிந்த பந்தில்தான் வித்தியாசம் பெரிது. "உச்சியில பந்துக்குப் பெச்சுத்தான் எவ்ளோ?" என்றேன்.

"கோசோங், மாமா."

சைபராம். அங்கே வேகம் சைபர், முடுக்கம் அல்ல. முடுக்கமும் சைபரானால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், தரையிலிருந்து 15 மீட்டர் உயரத்தில் மேல்நோக்கி எறிந்ததாக வரையச் சொன்னேன், புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்து. கோடு கூட்டல் 10-இல் தொடங்கி, அச்சை வெட்டி, கழித்தல் 20 வரை ஒரே சாய்வில் இறங்கியது. வெட்டும் இடத்தில் வளைவே இல்லை. விரலை அங்கே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓ" என்றாள். பந்து தரையைத் தொட 3 வினாடி என்று சமன்பாட்டிலும் சரியாகவே வரும், கூடவே கழித்தல் 1 என்று ஒரு விடையும் வந்து நிற்கும். ஆனால் எவ்வளவு சரியாகப் போட்டாலும் அந்தத் தவறான எண்ணம் அசையாமல் உள்ளேயே இருக்கும்.

படம் ஒன்றும் குறுக்குவழியல்ல. 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் சீராகக் கூடும் வேகத்துக்குச் சராசரி எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பிரான்சின் நிக்கோல் ஓரேம் அதைப் படமாகவே வரைந்து காட்டினார். கலிலியோ இதை விழும் பொருளுக்குப் பொருத்தி அச்சில் கொண்டுவந்தது 1638-இல். அந்தச் சராசரி வழி இன்றும் என் செல்லப்பிள்ளை: தொடக்க வேகத்தையும் இறுதி வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கி நேரத்தால் பெருக்கு. பிரேக் கணக்கில் 10-ஐ 4-ஆல் பெருக்கினால் அதே 40. முடுக்கம் மாறினால் மட்டும் இது காலை வாரிவிடும்.

என்னைக் கேட்டால் முதலில் படம், எண் போடும்போது சமன்பாடு. நேரமே வராத கணக்கு என்றால் நேராகச் சமன்பாடு.

கடைசியாக ஒன்று கொடுத்தேன். வினாடிக்கு 20 மீட்டரில் சீராகப் போகும் கார், நிற்கும் போலீஸ் வண்டியைக் கடக்கிறது. அதே கணம் போலீஸ் வண்டி கிளம்புகிறது, முடுக்கம் 4. எப்போது பிடிக்கும்? செவ்வகமும் முக்கோணமும் வரைந்தாள். இரண்டின் பரப்பும் சமமாக முக்கோணத்தின் உயரம் இரண்டு மடங்கு வேண்டும், அதாவது 40. "10 வினாடி, 200 மீட்டர்" என்றாள். பிறகு 40-ஐ 3.6-ஆல் பெருக்கிப் பார்த்து, "144 கிலோமீட்டர் மாமா! ஹைவேயிலயே 110-தானே? போலீஸுக்கே சம்மன் வரும்."