கடற்கொள்ளையர் விளையாட்டுப் பெட்டி: ஒரு எல்.கே.ஜி. டீச்சரின் அனுபவம்

புதுச்சேரியில் ஒரு கடையில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். கண்ணைக் கட்டும் கறுப்புப் பட்டையின் எலாஸ்டிக் முதல் நாளே அறுந்துவிட்டது. ரிப்பன் வைத்து நானே தைத்தேன். எழுத்து அட்டைகள் எல்லாம் ஆங்கிலம். சரி என்று பிளாஸ்டிக் காசுகளின் பின்னால் மார்க்கரில் அ, ஆ, இ எழுதி மணலில் புதைத்தேன். அப்புறம் 22 வாண்டுகளும் தோண்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ‘இ’ கிடைத்தவள் அதை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள்.

புதையல் வரைபடத்தில் கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரையை வரைந்து ஒட்டினேன். 1690இல் அங்கிருந்த கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை எல்லை வைத்த கதையையும் சொன்னேன். அந்தக் குண்டின் பெயரைத் தாங்கிய குண்டு உப்பலவாடி என்ற ஊரிலிருந்து வரும் பையனுக்கு ஒரே பெருமை.

காசுகள் ரொம்பச் சின்னவை. எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தைகள் இருந்தால் வாங்காதீர்கள்.