லைட்வெயிட் கொங்கிரீட்டுக்கு அங்கர் வாங்கப் போறவங்க ஒருக்கா வாசிங்க: என்ட 273,000 ரூபா போச்சு

ஆத்திரத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க. 420 அங்கர் (பாரம் தொங்கவிட கொங்கிரீட்டுக்குள் இறக்குகிற இரும்புப் பிடி), ஒன்று 650 ரூபா. மொத்தம் 273,000 ரூபா. அதில் 388 இப்ப என் வீட்டு விறாந்தையில் பெட்டி பெட்டியாகக் கிடக்குது, மனுசி நாலு தரம் தடக்கி விழப் பார்த்தா. மிச்சம் 32 கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு துணி ஸ்டோரின் மேல் கொங்கிரீட் தட்டில். இல்ல, 27. அஞ்சு கழன்று விழுந்திட்டுது.

நான் ஸ்பிரிங்ளர் (நெருப்புப் பிடித்தால் மேலிருந்து தண்ணீர் தெளிக்கிறது) பைப் வேலை எடுத்துச் செய்கிற சின்ன சப் கொன்ட்ராக்டர். நானும் ஒரு பாஸ் ஐயாவும் மூன்று பொடியன்களும்தான். அந்த ஸ்டோர் பழைய கட்டடம். அத்திவாரத்துக்குப் பாரம் ஏறக்கூடாது என்று மேல் தட்டை லைட்வெயிட் பெனல் போட்டுக் கட்டியிருக்காங்க. அதுக்குக் கீழே நாங்கள் நாலு இஞ்சி மெயின் லைனைத் தொங்கவிட வேணும். மாநகரசபைத் தீயணைப்புப் பிரிவுக்காரர் வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் எனக்கு மிச்சக் காசு.

முதல் நாளே பாஸ் ஐயா சுத்தியல் பிடியால் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது பாண். பாணுக்குள்ள ஆணி அடிச்சா நிக்குமா?" நாங்கள் வழக்கமாகப் பாவிக்கிற டிரொப்-இன் அங்கர் இதில் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். அது உள்ளே விரிந்து சுற்றியுள்ள கொங்கிரீட்டை நெருக்கித்தான் நிற்கிறது. நெருக்க நெருக்க இந்தத் தட்டு மாவாகிவிடும்.

சரி, இதுக்கென்று ஏதாவது இருக்கும் என்று போனில் தேடினேன். வழக்கமாகப் பழைய சோனகத் தெருவில் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சாமான் வாங்குவேன். அந்த ஒரு நாள் மட்டும் மழை, சோம்பல். எல்லாரும் பழைய சைக்கிள் முதல் காணி வரை விற்கிற விளம்பரத் தளம் ஒன்றில் இருந்தது: "லைட்வெயிட் கொங்கிரீட் அங்கர், ஸ்பிரிங்ளர் லைனுக்கு ஏற்றது". கோல் எடுத்தால் தம்பி ஒருவர் நல்ல மரியாதையாகக் கதைத்தார். "அண்ணே, போன்ல காசு கேக்க மாட்டேன். நேர வாங்க, பாருங்க, பிடிச்சா எடுங்க."

இந்த வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன். காசு முதலில் கேட்கிறவன்தானே கள்ளன் என்று நினைத்திருந்தேன்.

பேலியகொடைப் பக்கம் ஸ்டோர். பிளேன்டீ வந்தது. தானும் ஒரு பாஸின் மகன்தான் என்றார், தகப்பன் ஏணியால் விழுந்த கதை சொன்னார். பிறகு உள்ளே கூட்டிப்போனார். இரண்டு மேசைக்கு நடுவே ஒரு கொங்கிரீட் துண்டு, அதில் கீழிருந்து அடித்த அங்கர், அதிலிருந்து பத்து மில்லிமீட்டர் த்ரெட் ரொட் (மரை வெட்டின கம்பி), ரொட்டில் ஒரு கைபிடி. அந்தத் தம்பி சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் தொங்கினார். தொங்கிக்கொண்டே சிரித்தார். "82 கிலோ அண்ணே, காலையிலதான் நிறுத்தேன். அசையுதா பாருங்க." அசையவில்லை. நானும் தொங்கினேன். என்னையும் தாங்கியது. அந்த இடத்திலேயே போனை எடுத்து 273,000 ரூபாவை அனுப்பினேன். ஸ்லிப்பை அவருக்கே வட்ஸ்அப்பிலும் போட்டேன், மடையன்.

வீட்டுக்கு வந்த பிறகு, எல்லாம் முடிந்த பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அந்தத் துண்டை மேசைக்குச் சரியாக நகர்த்த இரண்டு பேர் முக்கினார்கள். எங்கள் தட்டின் பெனல் துண்டை என் சின்னப் பொடியன் ஒரு கையால் தூக்குவான்! சாதாரண கொங்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ வரும். பெனல்காரர் தந்த தாளில் எங்களுடையது 650. பெட்டியிலும் "லைட்வெயிட்" என்று ஆங்கிலத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் பாரம் குறைந்த கல்லுப் போட்டு வார்க்கிற கொங்கிரீட்டையும் அப்படித்தான் சொல்வாங்க, அது 1,800 கிலோ அளவில் வரும், கல்லு மாதிரிக் கெட்டி. எங்கட தட்டு மாதிரிக் காற்றுக் குமிழி விட்டுச் செய்கிறதும் லைட்வெயிட்தான். ஒரே பேர், இரண்டு சாதி. அந்தத் தம்பிக்கு இது தெரியாதென்று நான் நம்பத் தயாரில்லை. மேசையில் இருந்ததோ இரண்டுமில்லை, சாதாரண கொங்கிரீட்.

82 கிலோவும் ஒரு கணக்கா? நாலு இஞ்சி பைப், ஸ்கெடியூல் 40 (பைப்பின் தடிப்பு வகை), வெறுமையாக மீட்டருக்கு 16 கிலோ, தண்ணீர் நிறைந்தால் 24 கிலோவுக்கு மேல். மூன்று மீட்டருக்கு ஒரு ஹேங்கர் (பைப்பைத் தூக்கிப் பிடிக்கிற தொங்கல்) என்றால் ஒன்றில் 73 கிலோ. ஸ்பிரிங்ளருக்கான அமெரிக்கத் தரம் என்.எஃப்.பி.ஏ. 13 கேட்கிறது தண்ணீரோடு உள்ள பாரத்தின் அஞ்சு மடங்கு, அதுக்கு மேல் 114 கிலோ. கூட்டிப் பாருங்க, ஒரு ஹேங்கருக்கு ஏறக்குறைய 480. இது எனக்கு மனப்பாடம். இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒரு பொடியன் தொங்கினதைப் பார்த்துக் காசு கொடுத்தேன். அதுதான் கூடச் சுடுது.

தண்ணீர் விட்ட அன்று 200 பிஎஸ்ஐ அழுத்தச் சோதனைக்குப் போகவே இல்லை. லைன் நிறையும்போதே முதலாவது கழன்றது. அதன் பாரம் பக்கத்து இரண்டுக்கும் போனது, அவையும் போச்சு, பிறகு இன்னும் இரண்டு. வெள்ளை மா கொட்டி, பைப் ஒரு சாண் தொங்கியது. கீழே நின்ற பொடியன் ஒரு நிமிசத்துக்கு முதல்தான் தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போனான். அதை நினைத்தால் 273,000 ரூபா பெரிதில்லை. ஆனாலும் பெரிதுதான், யாரிடம் வாங்கிக் கட்டுறது?

அன்றே விற்ற தம்பிக்குக் கோல் எடுத்தேன். "துளை சரியாப் போட்டிருக்க மாட்டாங்க அண்ணே, ஹாமர்ல வச்சீங்களா?" ட்ரில்லை இடிக்கிற ஹாமரில் வைக்கவில்லை, சும்மா சுற்றவிட்டுத்தான் போட்டோம், வீடியோ இருக்கு என்றேன். "அப்ப அனுப்புங்க, பாத்திட்டுச் சொல்றேன்." அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. அடுத்த நாள், "நாளைக்குப் போயா அண்ணே." போயா முடிந்தது, "பொஸ் கண்டிக்குப் போயிட்டார்." அதுவரை பொஸ் என்று ஒருவர் இருக்கிறதே எனக்குத் தெரியாது! நேரே போனேன். ஸ்டோரில் வேறொருவர், பிளேன்டீ இல்லை, "பெட்டி உடைச்சா எடுக்கிறதில்ல" என்று வாசலிலேயே மறித்தார். 388 அங்கரில் முக்கால்வாசிப் பெட்டி ஒட்டின டேப்போடுதான் இருக்குது என்றேன். "நாங்க பில் போட்டமா?" என்று கேட்டார். போடவில்லை. குவட்டேஷன் தாள்தான் தந்தார்கள், அதிலும் "அங்கர் 420" என்று மட்டும். எதுக்கு ஏற்றது என்று ஒரு சொல் இல்லை.

விளம்பரத் தளத்துக்கு எழுதினேன். தாங்கள் விளம்பரம் போட இடம் தருகிறவர்கள் மட்டும்தானாம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லையாம். விளம்பரத்தை எடுத்தார்கள். மூன்றாம் நாள் அதே படம், வேறு பேர், வேறு நம்பர். அதே கைபிடி.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில் கோல் எடுத்துக் கதைத்தேன். எழுத்தில் கொடுக்க வேணும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேணும். பில் இல்லாமல் வங்கி ஸ்லிப்பையும் வட்ஸ்அப்பையும் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். 273,000 ரூபா வரும் என்று நம்பவில்லை, எழுதாமல் விடவும் மாட்டேன்.

கவனிக்க வேண்டியதெல்லாம் வரிசையாக எழுதத்தான் இருந்தேன், நேரமில்லை. உங்கட தட்டின் துண்டு ஒன்றைக் கையில் கொண்டுபோங்க, அதில் அடித்துக் காட்டச் சொல்லுங்க. அடர்த்தி எத்தனை கிலோவுக்கு அந்த அங்கர் சோதித்தது என்று தாள் கேளுங்க, பெட்டியை நம்ப வேண்டாம். பில்லில் எதுக்கு என்று எழுதாமல் ஒரு ரூபாவும் அனுப்ப வேண்டாம். இரும்பு பீம் இருந்தால் அதிலேயே கிளாம்ப் போடுங்க. இல்லாவிட்டால் தட்டை ஊடறுத்து போல்ட் விட்டு மேலே பெரிய தகடு வையுங்க. பாஸ் ஐயா முதல் நாளே சொன்னது அதைத்தான், மேல்மாடித் துணிக்கட்டுகளை நகர்த்தப் பஞ்சிப்பட்டு நான்தான் கேட்கவில்லை.

நாளைக்குக் காலை ஏழு மணிக்கு அந்தத் துணிக்கட்டுகளைத்தான் நகர்த்தப் போறோம். தகடு 32, புதுக் காசு.