எச்சில் மரபணுப் பரிசோதனை: அந்தப் பச்சை வட்டத்தை நம்பாதீர்கள்

5க்கு 2 நட்சத்திரம். பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்ததிலிருந்து எனக்கும் வருமோ என்ற பயம், அதனால்தான் வீட்டிலேயே எச்சில் எடுத்து அனுப்பும் இந்தப் பரிசோதனையை வாங்கினேன். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்து குழாயில் உள்ள கோடு வரை துப்ப வேண்டும், நுரை கணக்கில் சேராது என்பதால் வாய் வறண்டுபோனது. மற்றபடி சுலபம்தான்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய பச்சை வட்டம், உள்ளே 'குறைந்த அபாயம்'. நிம்மதியாக இருந்தது. அப்புறம் உள்ளே படித்தேன், கோபம் வந்தது.

அவர்கள் பெரிதாகக் காட்டுவது, புற்றுநோயைத் தடுக்க உதவும் பி53 என்ற மரபணுவின் 72ஆவது இடத்தை. அங்கே அம்மா, அப்பா வழியாக வந்த இரண்டு பிரதியிலும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்கான குறியீடு இருந்தால் ஆபத்து பல மடங்கு என்று 1998இல் ஓர் ஆய்வு சொன்னது, ஆனால் பின்னால் வந்த பல ஆய்வுகளில் அது நிற்கவில்லை. திரும்பத் திரும்ப உறுதியானது 6ஆவது குரோமோசோமில் இருக்கும் எச்எல்ஏ மரபணுக்களின் தொடர்புதான். வைரஸின் துண்டுகளை நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு எடுத்துக் காட்டுவது அவற்றின் வேலை, அதனால் ஒருத்தி உடம்பு, இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்பிவி என்ற வைரஸைச் சீக்கிரம் விரட்டுவதும் இன்னொருத்தி உடம்பில் அது தங்கிவிடுவதும் ஓரளவு இதைப் பொறுத்தது. இதற்கு அறிக்கையில் ஒரே ஒரு வரி! இந்த வேறுபாடுகள் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும் குறைக்கும் என்பதையும், பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களிடம் நடந்தவை என்பதையும் சொல்லவே இல்லை.

என்னால் மன்னிக்க முடியாதது வேறு. எச்பிவி என்ற பெயரே கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில்தான் வருகிறது. இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே அந்த வைரஸால் வருவது, அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகளால் மட்டும் சுமார் 70 சதவீதம். தொற்று பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாகப் போய்விடும், போகாமல் தங்கினால் புற்றாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் ஆகும், அதற்குள் பரிசோதனையில் பிடித்துவிடலாம். எச்சிலில் என் மரபணுவைப் பார்த்தவர்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வைரஸ் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பெரியம்மா மகள் என் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "அப்போ எனக்கும் இதே மாதிரி பச்சைதான் வரும், இனி கர்ப்பப்பை வாயில் எடுக்கிற ஸ்மியர் டெஸ்ட் எல்லாம் எதுக்கு?" என்று கேட்டாள். அக்காவைக் கையோடு கூட்டிப்போய் இருவரும் எச்பிவி பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். எனக்குத் தொற்று இல்லை. அவளுடைய முடிவு இன்னும் வரவில்லை.